மகத்தான வெற்றிக்கு ஒரு மொட்டை

“தலைய நல்லா குனிங்க சாமி” என்கிறார் முடி எடுப்பவர். குனிகிறேன். ஒரு செம்புத் தண்ணீர் உச்சியில் விழுந்து, காதைச் சுற்றி, கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்குகிறது. அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பது போல உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கிறார், தேய்க்கட்டும், நாற்பத்தாறு வயதில் இவ்வளவு முடி வைத்திருப்பவன் எங்கள் கம்பெனியில் நான் ஒருவன்தான், மற்றதெல்லாம் முப்பதை ஒட்டிய பிள்ளைகள், அதற்குள் ஒவ்வொருவனுக்கும் நெற்றி ஏறிவிட்டது, ராக்கெட் கம்பெனியில் முதலில் மேலே போவது நெற்றிதான். குனிந்திருப்பதால் கோமதியின் கால்கள் மட்டும் தெரிகின்றன. மெட்டி போட்ட விரல்கள் அசையாமல் இருக்கின்றன, நான் எழுந்து ஓடிவிடுவேன் என்று என் மனைவி காவல் நிற்கிறாள். ஓடலாம்தான். ஈரத்தலையோடு மண்டபத்தை விட்டு வெளியே ஓடினால் நேரே கடல், திருச்செந்தூரில் எந்தப் பக்கம் ஓடினாலும் கடல், கடலில்தான் ஏற்கெனவே ஒன்று போய்க் கிடக்கிறதே. ஓடக்கூட வேண்டாம். கோமதி, ராக்கெட் விழுந்துவிட்டது, என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் வேண்டுதல் பலிக்கவில்லை என்று ஆகும், மொட்டை கிடையாது, துண்டால் துவட்டிக்கொண்டு போய்க் காபி குடிக்கலாம். சொல்லாவிட்டால் முடி போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை, ஆனாலும் குனிந்தே இருக்கிறேன், முடி போனால் வளர்ந்துவிடும், அந்த வாக்கியம் ஒருமுறை வெளியே போனால் என்ன ஆகுமோ தெரியவில்லை.

எல்லாம் ஒரு பத்திரிகைக் குறிப்பால் வந்த வினை. போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் கம்பெனியின் முதல் ராக்கெட் கிளம்பியது, கிளம்பியது உண்மை, நெருப்பு வந்தது உண்மை, மேகத்தைத் தாண்டியதும் உண்மை, அதற்குப் பிறகு வீட்டில் கேஸை அணைத்தோமா என்று சந்தேகம் வந்தவன் போல ஒரு கணம் நின்று, யோசித்து, திரும்பிவிட்டது. எங்கள் முதலாளி பிரணவுக்கு வயது முப்பத்தொன்று, அவன் ஆங்கிலத்தில் ஒரு அறிக்கை எழுதினான், அதைப் படித்தால் ராக்கெட் விழுந்ததா, உயர்ந்ததா, அல்லது ராக்கெட் என்று ஒன்று இருந்ததா என்பதே தெரியாது, அத்தனை அழகு. “லிங்கம் சார், தமிழ்ப் பேப்பருக்கு நீங்க எழுதிடுங்க” என்றான். அங்கே தமிழில் நான்கு வரி தப்பில்லாமல் எழுதத் தெரிந்தவன் குற்றாலிங்கமாகிய நான்தான். விழுந்தது என்று எழுத உட்கார்ந்தேன். எழுந்தபோது ‘முதல் ஏவுதலே மகத்தான வெற்றி’ என்று எழுதியிருந்தேன். மகத்தான என்ற சொல் எங்கிருந்து வந்தது, அதை நான் வாழ்க்கையில் பேசியதே இல்லை, கல்யாணப் பத்திரிகையில்கூட யாரும் போடுவதில்லை. மறுநாள் என் மாமனார் உலகநாதன் பாளையங்கோட்டையிலிருந்து போன் செய்தார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அச்சில் வந்த எதையும் நம்புகிறவர். “மாப்பிள்ளை, பேப்பர்ல பாத்தேன். மகத்தான வெற்றியாம்லா. கோமதி முருகனுக்கு உங்க முடிய நேர்ந்திருக்கா, ஞாபகம் இருக்குல்லா? தள்ளிப் போடக் கூடாது.” ராக்கெட் நல்லபடியாக மேலே போனால் என் தலைக்கு மொட்டை என்று கோமதி வேண்டிக்கொண்டது எனக்கு ஞாபகம் இருந்தது. போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். “வெற்றிதானே?” என்று கேட்டாள். “வெற்றிதான்” என்றேன். “சரி, அப்பம் கிளம்புங்க” என்றாள். அந்த ‘சரி’யில் ஏதோ இருந்தது. நெல்லையிலிருந்து மாமா குடும்பத்தோடு வேனில் வரும் வழியெல்லாம் அந்தச் ‘சரி’யையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன், தெரியுமா, தெரியாதா, தெரிந்தால் கேட்டிருப்பாள், கேட்கவில்லை, ஆகவே தெரியாது, தெரியாதவள் ஏன் காவல் நிற்கிறாள்.

கத்தியை உச்சியில் வைத்தாகிவிட்டது. கர்ர் என்று ஒரு சத்தம் மண்டைக்குள்ளிருந்து கேட்கிறது, வெளியிலிருந்து அல்ல. முதல் கற்றை மடியில் விழுகிறது. பாவம், கறுப்பாகத்தான் இருக்கிறது. பக்கத்துப் பலகையில் மொட்டைக்குக் காத்திருக்கும் கனத்த மனிதர், தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருக்கிறாராம், தன் ஆளிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார், வீட்டுக் கதை, மகள் கதை, மழைக் கதை, பிறகு எப்படியோ பேச்சு ராக்கெட்டுக்கு வந்துவிடுகிறது, இந்த வாரம் இரண்டு பேர் சேர்ந்தால் ராக்கெட்டுக்கு வராமல் இருக்காது. “போன மாசம் நம்ம கவர்மெண்ட் ராக்கெட்டு விழுந்துச்சுல்லா, அன்னைக்கு எனக்கு சோறு எறங்கலப்பா. வீட்டுல டிவிய அமத்திட்டேன். இவனுவ ஒருத்தன் தனியார்ல விட்டானுவளே, அது விழுந்தப்பம் ஒரே சிரிப்பாணிதான்.” அவர் சொல்வதில் தப்பு இல்லை. போன மாதம் எனக்கும்தான் சோறு இறங்கவில்லை. அது நம்முடையது. இது யாருடையது. அது விழுந்தால் நாட்டுக்குச் சோதனை, இது விழுந்தால் எவனோ பணக்காரன் விட்ட வாணம். அதே வானம், அதே கடல், விழுகிற வேகம்கூட ஏறக்குறைய அதேதான், கணக்குப் போட்டுக் காட்டலாம், யாரிடம் காட்டுவது, தலையை ஆட்டினால் வெட்டிவிடும்.

இதெல்லாம் ராக்கெட் வருவதற்கு முன்பே முடிவான விஷயம், பெண் பார்க்கிற காலத்திலேயே முடிவானது. மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்குக் கவர்மெண்ட் மாப்பிள்ளை, என் சகலை ஆவுடையப்பன். இளையவளுக்கு நான், கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற பம்பை வடிவமைக்கிறவன். கல்யாணத்தில் சொந்தக்காரர்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது மாமா “பம்ப்பு” என்பார், சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். ராக்கெட்டுக்குள்ளும் பம்ப் இருக்கிறது மாமா, எரிபொருளை இழுத்து எஞ்சினுக்குள் தள்ளுவது அதுதான், உள்ளங்கை அளவு சக்கரம், கிணற்றுப் பம்ப் ஒரு நிமிஷத்தில் சுற்றுகிற சுற்றை அது மூச்சு விடுவதற்குள் சுற்றிவிடும், என்று பலமுறை சொன்னேன். ராக்கெட் கம்பெனியில் சேர்ந்த பிறகும் “இப்பமும் பம்ப்புதான், ஆனா மேல போற பம்ப்பு” என்றுதான் சொன்னார். ஆவுடையப்பன் அண்ணாச்சி அரசாங்க ராக்கெட் நிலையத்தில் போக்குவரத்துப் பிரிவில் இருக்கிறார். ஊழியர்களை ஏற்றி வரும் பஸ் நேரத்துக்கு வருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை, ஒருநாள்கூடப் பிந்தவிட்டதில்லை. போன மாதம் அரசாங்க ராக்கெட் விழுந்த அன்று அவர் தெருவே வந்து அவர் வீட்டு வாசலில் நின்றதாம். மீன்காரம்மா காசு வாங்காமல் சீலா மீனை வைத்துவிட்டுப் போனாள். குடியிருப்போர் சங்கம் பொன்னாடை போர்த்தியது. தெரு முக்கில் அவர் படம் போட்டு பிளெக்ஸ் வைத்தார்கள், ‘கலங்காதே ஆவுடையப்பா, கோள்கள் காத்திருக்கும்’, படத்தில் அண்ணாச்சி கைகூப்பி நிற்கிறார், பின்னால் ராக்கெட், முன்னால் சங்கச் செயலாளர். மாமா நெல்லையப்பர் கோயிலில் அவர் பெயரில் அர்ச்சனை செய்தார். நானும் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழுதார். பஸ் விட்டவர் ஏன் அழ வேண்டும் என்று அன்று வேடிக்கையாக இருந்தது, இப்போது அந்த அழுகையை நினைத்தால் வயிற்றில் ஒரு பொறாமை எரிகிறது. எவ்வளவு சுகமான அழுகை. ஊரே துண்டு எடுத்துக் கொடுத்த அழுகை.

எங்களுக்கு அழ அனுமதி இல்லை. வெளிநாட்டில் ராக்கெட் வெடித்தால் அங்கே வேலை பார்க்கிறவர்கள் கைதட்டுகிறார்கள், அதுதான் நாகரிகம், தோல்வியும் ஒரு படி என்று காட்டுகிற முறை, நாமும் எது நடந்தாலும் கைதட்ட வேண்டும் என்று பிரணவ் முந்தின நாளே கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தான். கட்டுப்பாட்டு அறையில் நாங்கள் வரிசையாக நின்றோம். திரையில் என் பம்பின் வேகம் ஒரு பச்சைக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டை எனக்குக் குழந்தையின் மூச்சு மாதிரி தெரியும். முதல் எஞ்சின் முடிந்தது, கழன்றது, இரண்டாவது எஞ்சின் பற்றியது, கோடு ஏறியது, ஏறியது, பிறகு ஒரு சின்னத் துடிப்பு, பிறகு படுத்துவிட்டது. ராக்கெட் திரும்பியது. அப்போது பிரணவ் கைதட்டினான். அவன் கண் திரையில் இல்லை, எங்கள் மேல் இருந்தது. ஒவ்வொருவராகத் தட்டினார்கள். நானும் தட்டினேன். பெருமாள் கோயில் பஜனையில் தாளம் தெரியாதவன் தட்டுவது போலத் தட்டினேன், அது கீழே கீழே வரவரத் தட்டினேன், கடலில் விழுந்த பிறகும் யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தோம். அந்த வீடியோதான் இன்று நாடெங்கும் ஓடுகிறது. ‘சீர் வரிசை கடலுக்குப் போகுது, மேளம் எங்கப்பா?’ என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். ‘இவங்க வீட்டுக் கல்யாணத்துல பந்தல் சாஞ்சா என்ன செய்வாங்களோ?’ என்று ஒருத்தர். நானே சிரித்துவிட்டேன், பாத்ரூமில், குழாயைத் திறந்துவிட்டு. அரசாங்க நிலையத்தில் யாராவது கைதட்டியிருந்தால் தேசத் துரோகம் என்றிருப்பார்கள். நாங்கள் அழுதிருந்தால் நடிப்பு என்றிருப்பார்கள். அப்படியென்றால் நாங்கள் என்னதான் செய்வது, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது. ஏழு வருஷம், கோமதியின் பிரசவத்துக்குக்கூட அந்தப் பம்பின் சோதனை முடிந்துதான் போனேன், அது தண்ணீருக்கடியில் எந்த மீனுக்கு வீடாகக் கிடக்கிறதோ, அதற்காக நான் செய்த ஒரே காரியம் கைதட்டியது.

கத்தி நின்றுவிட்டது. பிளேடு மாற்றுகிறார். தலையைத் தொட்டுப் பார்க்கிறேன், இடது பக்கம் முழுக்க வழுவழு, வலது பக்கம் காடு. பிளேடைச் சொருகியபடியே எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவர் என்னிடமும் கேட்கிறார். “என்ன வேண்டுதல் சாமி? பிள்ளைக்கா, உடம்புக்கா?” நான் வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து கோமதியின் குரல் வருகிறது. “ராக்கெட்டு நல்லபடியா மேல போனா மொட்டைன்னு நான்தான் அண்ணாச்சி நேர்ந்தேன்.” மண்டபத்தில் ஒரு நொடி மழித்தல் நின்று போகிறது. உப்பளக்காரர் என் பக்கம் திரும்புகிறார். “எந்த ராக்கெட்டு? நம்ம கவர்மெண்டா?”

“இல்ல, தனியாரு” என்கிறாள் கோமதி.

“தனியாரா? அந்தக் கைதட்டுனாவளே, அதா?” அவருக்குச் சிரிப்பு வருகிறது, பிறகு என் பாதித் தலையைப் பார்த்து அடக்கிக்கொள்கிறார். “அது கடல்லல்லாம்மா விழுந்துச்சு?”

“எனக்கு என்ன தெரியும்? இவங்ககிட்டயே கேளுங்க. பேப்பருக்கு எழுதிக் குடுத்ததே இவங்கதான்.”

நிமிர்கிறேன். பலகையில் உட்கார்ந்த பிறகு முதன்முறையாக அவள் முகத்தைப் பார்க்கிறேன். கோபம் இல்லை. சாப்பாடு போட்டுவிட்டுச் சாப்பிடுவேனா என்று பார்க்கிற முகம்தான், வேறொன்றும் இல்லை. எல்லோரும் பார்க்கிறார்கள். கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி முடி எடுப்பவர், உப்பளக்காரர், ஒரு குழந்தை, அதன் அழுகை நின்றுவிட்டது. வெற்றிதான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது, இன்னும் பாதித் தலைதானே பாக்கி. வாயைத் திறக்கிறேன். வெற்றி என்றுதான் திறக்கிறேன்.

“விழுந்துட்டுங்க” என்கிறேன். “எங்க ராக்கெட்டு விழுந்துட்டு. என் பம்ப்புதான் நின்னுட்டு.”

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. உப்பளக்காரர் சிரிக்கவில்லை, “அடப்பாவமே” என்று சொல்லித் தன் தொடையைத் தானே தட்டிக்கொள்கிறார். ஒரு வாரமாக உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது உருகி மூக்கு வழியாக வருகிறது, துடைக்கக் கையைத் தூக்கினால் கை நிறைய முடி, முடியோடு துடைக்கிறேன், அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். “உனக்குத் தெரியுமா?” என்று கோமதியிடம் கேட்கிறேன்.

“லைவ்ல பாத்தேன்” என்கிறாள். “நீங்க கைதட்டுததயும் பாத்தேன். உங்க மூஞ்சியையும் பாத்தேன்.”

“அப்பம் ஏன் இங்க கூட்டிட்டு வந்தே?”

“எப்பச் சொல்லுவியன்னு பாத்தேன். வீட்டுல சொல்லுவியன்னு பாத்தேன். வேன்ல சொல்லுவிய, டோக்கன் வாங்கும்போதாவது சொல்லுவியன்னு பாத்தேன். இப்படிப் பாதித் தலையோட சொல்லுவியன்னு நான் நெனைக்கல.” சொல்லிக்கொண்டே முந்தானையை எடுத்து என் மூக்கைத் துடைக்கிறாள், மூன்று வயதுக் குழந்தைக்குத் துடைப்பது போல, அத்தனை பேர் முன்னால்.

அதற்குள் சந்தனம் வாங்கப் போன மாமாவும் ஆவுடையப்பன் அண்ணாச்சியும் வந்து நிற்கிறார்கள். எவ்வளவு கேட்டார்கள் என்று தெரியவில்லை, முழுக்கக் கேட்ட முகங்களாகத்தான் இருக்கின்றன. அண்ணாச்சி நேரே வந்து குனிந்து, தண்ணீரும் முடியுமாக இருக்கிற என் தலையைத் தன் வெள்ளைச் சட்டையோடு சேர்த்து அணைத்துக்கொள்கிறார். “எந்தப் பக்கம் தம்பி விழுந்துது?” என்று கேட்கிறார். இந்த ஒரு வாரத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. “கிழக்கால, ரொம்பத் தூரத்துல” என்கிறேன். “எங்களுதும் அந்தப் பக்கந்தான்” என்கிறார். அவர் சட்டை பாழ். பொறாமையெல்லாம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்க்கிறேன், காணவில்லை.

மாமாவுக்குத்தான் சிக்கல். “பேப்பர்ல மகத்தான வெற்றின்னு போட்டிருந்தானே” என்கிறார். “நான்தான் மாமா எழுதினேன்.” அவருக்கு அதை எங்கே பதிவு செய்வது என்று தெரியவில்லை. முடி எடுப்பவர் மெதுவாகத் தொண்டையைக் கனைத்து, “வேண்டுதல் பலிக்கலேன்னா முடி கெடையாதே சாமி. இப்பம் பாதி எடுத்தாச்சு. மீதிய என்ன செய்ய?” என்கிறார். நியாயமான கேள்வி. பாதியைத் திரும்ப ஒட்ட முடியாது, பாதியோடு நெல்லைக்கு வேனில் போகவும் முடியாது. உப்பளக்காரர் ஒரு யோசனை சொல்ல வாயெடுக்கிறார், மாமா கையைக் காட்டி நிறுத்துகிறார். சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைக்கிறார். பத்திரத்தில் எல்லைத் தகராறு வந்தால் இப்படித்தான் நிற்பார் போலிருக்கிறது, கண்ணை மூடி, உதட்டை அசைத்து.

“எத்தன வருசமா செஞ்சிய மாப்பிள்ளை, அந்தப் பம்ப்ப?”

“ஏழு வருசம் மாமா.”

“ஏழு வருசம் வளத்தத கடல்ல குடுத்துட்டு வந்து உக்காந்திருக்காரு” என்று முடி எடுப்பவரிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்வது போலச் சொல்கிறார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முருகன் காதில் விழக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்துகிறார். “கோயில்ல வச்சுச் சொல்லக் கூடாது. ஆனா துக்கத்துக்கும் மொட்டை உண்டுல்லா? மீதிய அந்தக் கணக்குல எடுத்துருப்பா.”

கோமதி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அண்ணாச்சி துண்டை வாயில் வைத்துக்கொள்கிறார். நான் தலையைக் கொடுக்கிறேன். முடி எடுப்பவர் தண்ணீரைத் தொட்டு வலது பக்கம் தடவுகிறார், கத்தியை வைக்கப் போனவர் நிறுத்துகிறார், சொல்லலாமா வேண்டாமா என்று மாமாவைப் பார்த்து, என்னைப் பார்த்து, தயங்கிக் கடைசியில் சொல்லியே விடுகிறார்.

“அந்தக் கணக்குன்னா மீசையும் எடுக்கணுமே சாமி.”

எல்லோரும் என் மீசையைப் பார்க்கிறார்கள். கல்லூரியில் வைத்தது, கல்யாணப் படத்தில் இருப்பது, கோமதியேகூட அது இல்லாமல் என்னைப் பார்த்ததில்லை. மாமா ஏதோ சொல்ல வருகிறார், வேண்டாம் என்றுதான் சொல்வார், அதற்கு ஏதாவது விதிவிலக்கு அவரிடம் இருக்கும்.

“எடுத்துருங்க” என்று நானே சொல்கிறேன்.